ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

"உள்ள மீன்தொட்டி வச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்துக் கிடக்கும் அப்பாக்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கதவு திறந்து மூடுகிற நேரத்தில் அந்தச் சத்தம் வெளியே வரும். களகளவென்று தண்ணீரில் காற்று குமிழியிடும் சத்தம், இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். வார்டில் எல்லோரும் கூப்பிட்டதுபோல இங்கும் 'சிஸ்டர்' என்றே இருக்கட்டும். இன்றைக்கும் ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி நின்றால் வீட்டில் முதலில் எழுந்து உட்காருவது அவர்தான். சத்தம் கேட்டால் விழிப்பவர்கள் உண்டு. சத்தம் நின்றால் விழிப்பது அவருக்குத் தொழில் கொடுத்த பழக்கம்.

குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் கருவிக்குப் பெயர் பபிள் சிபாப். பெயர்தான் மிரட்டும். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரம் ஏற்றி, ஒரு குழாய் வழியாகக் குழந்தையின் மூக்குக்கு அனுப்புகிறார்கள். மூக்குத் துளைகளில் இரண்டு குட்டி முனைகள் கொண்ட ப்ராங். அங்கிருந்து இன்னொரு குழாய் கிளம்பி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்குகிறது. அதன் நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் நீளம். வெளியேறுகிற காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதால், அதே அளவு அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குள் எந்நேரமும் தங்கும். மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிப்போகாது. குழாயை ஆழத்தில் இறக்கினால் அழுத்தம் கூடும், தூக்கினால் குறையும்.

சுருங்கினால் என்ன? இதை விளக்க சிஸ்டரிடம் இருந்தது ஒரு பலூன்.

"திருவிழாவுல வாங்குன புது பலூனை ஊதிப் பாத்திருக்கியா தாயி? மொத ஊது எம்புட்டுக் கஷ்டம்! கன்னம் வலிக்கும். பாதி ஊதுன பலூனை மேக்கொண்டு ஊதுறது லேசு. ஒம் பிள்ளைக்கு விடுற ஒவ்வொரு மூச்சும் மொத ஊதுதான். பலூன் ஒரேயடியாச் சுருங்கிறாமப் பாத்துக்கிறது அந்தத் தண்ணி."

நிறைமாதக் குழந்தைக்கு இந்தப் பாடு கிடையாது. அதன் நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் சோப்புத் தண்ணீர் தடவியதுபோல ஒரு வழவழப்பான பூச்சு இருக்கும். சர்ஃபாக்டன்ட் என்பார்கள். கருவின் 24ஆவது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கி, 34, 35ஆவது வாரத்தில்தான் அது போதுமான அளவுக்கு வருகிறது. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 1 கிலோ. ஒரு மூச்சில் அது இழுக்கிற காற்று 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். பூச்சு இல்லாத நுரையீரலுக்குள் அந்த ஒரு டீஸ்பூனை இழுக்க நெஞ்சுக்கூடு உள்வாங்கி, மூக்கு விடைத்து, நிமிடத்துக்கு அறுபது தடவைக்கும் மேல் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் களைத்துப்போய்த்தான் குழந்தை மூச்சை நிறுத்துகிறது.

வாசலில் நிற்கும் அப்பத்தாக்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது. இந்தச் சொலவடையோடு சிஸ்டர் மல்லுக்கட்டாத மாதமே இல்லை. எட்டு மாதத்தில் பிறந்து, இரண்டே நாள் மூச்சுக்கு உதவி கிடைத்தால் பிழைத்துவிடக்கூடிய குழந்தையை, "எட்டாம் மாசம்ல, எதுக்குப் போட்டு ரணப்படுத்திக்கிட்டு, கையெழுத்துப் போட்டுத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்று சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். "உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம் அப்பத்தா. ஒலையில சோறு கூடக் கொஞ்ச நேரம் இருந்தா வேகுமா, வேகாதா?" என்று கேட்பாராம். பாதிப் பேராவது அதற்கு மசிவார்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வார்டில் குமிழும் இல்லை, கலவைக் கருவியும் இல்லை. குழந்தையின் தலையைச் சுற்றி ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஆக்சிஜன், அவ்வளவுதான் வைத்தியம். பெட்டிக்குள்ளிருந்து முனகல் கேட்கும். ஒவ்வொரு மூச்சை விடும்போதும் 'ம்ம்... ம்ம்...' என்று ஒரு சின்ன முனகல். பால் கேட்டு அழுகிறது என்று தாய் நினைப்பாள். புதிதாக வந்த நர்ஸுகளும் அப்படித்தான் நினைத்தார்கள், சிஸ்டர் உட்பட.

அந்த முனகலுக்குப் பொருள் என்னவென்று அவருக்குப் புரிந்தது, பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் தொண்டையின் படத்தை வரைந்தபோது. மூச்சை விடுகிற நேரத்தில் குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொள்கிறது. காற்று முழுக்க வெளியே போய்விடாமல் தடுக்கிறது. முனகல், அந்தப் பாதி மூடிய கதவு வழியாகக் காற்று வெளியேறும் சத்தம். சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரகரி என்ற மயக்க மருந்து நிபுணர் இதையே பிடித்துக்கொண்டார். குழந்தை தொண்டையால் செய்வதை நாம் வெளியிலிருந்து செய்து கொடுத்தால் என்ன? 1971இல் வெளியான அவருடைய கட்டுரையில் மூச்சுத் திணறலோடு பிறந்த 20 குழந்தைகளின் கதை இருக்கிறது. அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள்.

அந்த எண்ணின் பெருமை தெரிய வேண்டுமானால் எட்டு வருடம் பின்னால் போக வேண்டும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டியே ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக். எடை 2.1 கிலோ. நம் ஊர் மாவட்ட மருத்துவமனையில் இன்று 2.1 கிலோ குழந்தையைப் பார்த்தால் நர்ஸுகள் 'பெரிய பிள்ளை' என்பார்கள். பாஸ்டனுக்குக் கொண்டுபோய் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தும், 39 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1959இல், குறைமாதக் குழந்தைகளின் இந்த மூச்சுத் திணறலுக்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் எழுதிவிட்டார்கள். காரணம் தெரிந்திருந்தது, கையில் கருவி இல்லை.

சிஸ்டரின் வார்டுக்கு முதல் சிபாப் கம்பெனிப் பெட்டியில் வரவில்லை. சலைன் பாட்டிலில் வந்தது. புதிதாக வந்த குழந்தை மருத்துவர் காலி பாட்டில் ஒன்றை எடுத்து, வெளியில் பிளாஸ்டர் ஒட்டி, ஸ்கேல் வைத்து பேனாவால் 1, 2, 3 என்று கோடு போட்டார். சுத்தமான தண்ணீர் ஊற்றி, குழாய் நுனியை ஐந்தாவது கோட்டுக்கு இறக்கினார். குமிழ் வந்தது. "பத்து நிமிஷத்துல முனகல் நின்னுச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு. பிள்ளை போயிருச்சோன்னு பயந்துட்டேன்" என்கிறார். குழந்தை போகவில்லை. தொண்டையின் வேலையை பாட்டில் எடுத்துக்கொண்டதால் முனக வேண்டிய தேவை அதற்கு இல்லாமல் போயிருந்தது.

ஆனால் இந்தத் தொழில் பாட்டிலில் இல்லை, மூக்கில் இருக்கிறது. கைபேசியில் படம் பார்த்துச் சிபாப் மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆரம்ப வருடங்களில் ஒரு பெண் குழந்தை. ப்ராங் நழுவி நழுவிக் குமிழ் நின்றுகொண்டே இருந்தது. ராத்திரி டியூட்டியில் ஒருவருக்கு ஆறு குழந்தைகள். நழுவாமல் இருக்கட்டும் என்று சிஸ்டர் அதை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். குமிழ் நிற்கவில்லை, அவரும் நிம்மதியாக மற்ற குழந்தைகளைப் பார்க்கப் போனார். மூன்றாம் நாள் இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள தண்டு சிவந்தது. ஐந்தாம் நாள் கறுத்தது. குழந்தை பிழைத்தது, வீட்டுக்கும் போனது, மூக்கின் நடுவில் ஒரு சின்ன வெட்டோடு. போகிற அன்று அந்தத் தாய் கேட்டது ஒன்றே ஒன்று: "பெருசானதும் மூக்குத்தி குத்தலாம்ல சிஸ்டர்?" குத்தலாம், அது வேறு இடம் என்று பதில் சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குக் குல்லாதான் எல்லாம். குழாய்கள் மூக்கில் தொங்கக் கூடாது, குல்லாவில் நிற்க வேண்டும். குல்லா பெரிதானால் நழுவும், சிறிதானால் தலையை அமுக்கும். ப்ராங்குக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு நூல் இடைவெளி வெளிச்சம் தெரிய வேண்டும். புதிதாக வரும் நர்ஸுகளிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி "பிரஷர் எவ்வளவு?" என்பதில்லை. "வெளிச்சம் தெரியுதா?" என்பதுதான்.

இன்னொரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். பாட்டிலில் குமிழ் வழக்கத்தைவிடத் துள்ளலாக வந்துகொண்டிருந்தது. குமிழ் நின்றால் என்ன பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: ப்ராங் கழன்றிருக்கும், குழந்தை வாயைத் திறந்திருக்கும், எங்கோ இணைப்பு விட்டிருக்கும். குமிழ் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்றுதான் நினைக்கத் தோன்றும். மானிட்டர் அலறியபோது ஆக்சிஜன் அளவு 70க்குக் கீழே போயிருந்தது, உதடு நீலம். சிஸ்டர் ப்ராங்கை உருவிப் பார்த்தார். இரண்டு முனைகளிலும் சளி கெட்டியாக அடைத்திருந்தது. மூக்குக்குள் போக வழியில்லாத காற்று மொத்தமும் நேராகப் பாட்டிலுக்கு ஓடியிருக்கிறது, அதனால்தான் அந்தத் துள்ளல். இரண்டு சொட்டு சலைன், ஒரு சக்‌ஷன், பாதத்தில் நாலு சுண்டு சுண்டியதும் குழந்தை நிறம் திரும்பியது. ஈரப்பதக் கருவியின் அறையில் தண்ணீர் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. வறண்ட காற்று சளியை உறையவைத்துவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் அவரே அதைச் சொன்னார். திட்டும் வாங்கினார்.

இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான். குழாயில் கோத்த தண்ணீரை வடிப்பது, வயிற்றுக்குள் போகிற காற்று வெளியேற வாய்வழிக் குழாயின் நுனியைத் திறந்து உயரத்தில் வைப்பது, கழுத்து மடங்காமல் தோளுக்கடியில் துணிச் சுருள் வைப்பது, தாடையைத் தாங்குவது. ஏவரியின் பெயர் மறுபடி வருவது இங்கேதான். 1987இல் அவரும் சக மருத்துவர்களும் அமெரிக்காவின் எட்டு மையங்களை ஒப்பிட்டார்கள். எடை குறைந்த குழந்தைகளின் நுரையீரல் நீண்டகாலப் பாதிப்புக்கு உள்ளாவது எங்கே குறைவு என்று பார்த்தபோது நியூயார்க்கின் கொலம்பியா தனித்து நின்றது. அங்கே ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர், வெண்டிலேட்டருக்கு ஓடாமல், பிறந்தவுடனே மூக்கில் சிபாப் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கியிருந்தார். குழந்தைக்காக இயந்திரம் மூச்சு விடும்போது அந்த அழுத்தமே இளம் நுரையீரலைக் கிழிக்கும். தானாக விடுகிற மூச்சுக்குத் தாங்கல் கொடுத்தால் சேதம் குறைவு. எல்லாக் குழந்தைக்கும் இது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூச்சு விடவே மறக்கிற குழந்தைக்கும் களைத்து விழுந்த குழந்தைக்கும் வெண்டிலேட்டர்தான் கதி.

இல்லாத பூச்சை வெளியிலிருந்து கொடுக்கும் வழியும் 1980இல் வந்துவிட்டது. ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பலன் கண்டார். இன்று மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த மருந்துகள் கிடைக்கின்றன. குயூரோசர்ஃப் என்ற பன்றி மருந்தின் பெயர், அதைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர்கள் குர்ஸ்டெட், ராபர்ட்சன் இருவரின் முதலெழுத்துகளால் ஆனது. விலை ஒரு குப்பி பல ஆயிரம். ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். சிஸ்டர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திக்கொண்டு, டாக்டர் கையுறை போடும் வரை நிற்பார். கைச்சூட்டிலேயே அது அறை வெப்பத்துக்கு வந்துவிடும். மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டு, குழாயை எடுத்துவிட்டு, மறுபடி சிபாப். பிறகு கண்ணெல்லாம் மானிட்டரில்.

காபியும் உண்டு. மூச்சை இருபது நொடி நிறுத்திவிட்டு, சுண்டினால்தான் மறுபடி தொடங்கும் குழந்தைகளுக்கு கஃபைன் மருந்து. 2006இல் வெளியான ஆய்வில் 1250 கிராமுக்கு மேற்படாத குழந்தைகள் 2006 பேர் பங்கெடுத்தார்கள். ஆண்டும் எண்ணிக்கையும் ஒன்றாக அமைந்தது தற்செயல். கஃபைன் பெற்ற குழந்தைகள் ஒரு வாரம் முன்னதாகவே மூச்சுக் கருவியிலிருந்து விடுபட்டார்கள், நீண்டகால நுரையீரல் நோயும் குறைந்தது. "டிகிரி காபி குடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலை டோஸைக் கொடுப்பார் சிஸ்டர்.

அவருடைய ஆதங்கம் வேறொன்றில். வார்டுக்குள் இத்தனை செய்வதைவிட, பிறப்பதற்கு முன்பு தாய்க்குப் போடும் ஓர் ஊசி பெரிய வேலையைச் செய்துவிடும். நியூசிலாந்தில் ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த கிரகாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு பெற்றிருந்த குட்டி, பிழைக்கவே கூடாத வயதில் பிறந்தும் மூச்சு விடுவதைக் கண்டார். ராஸ் ஹோவியோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் எழுதினார். நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால் போட வேண்டும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஒரு டீக்கு ஆகிற காசுதான் ஊசிக்கு. 'சூட்டு வலியா இருக்கும்' என்று சீரகத் தண்ணி குடித்துவிட்டு ராத்திரியைக் கடத்தி, குழந்தை தலை தெரிகிற நேரத்தில் வந்து சேர்கிற தாய்க்கு அந்த ஊசியால் என்ன செய்ய முடியும்?

மூச்சு சீரான பிறகு குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற பழக்கம் 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் எட்கர் ரேயிடம் தொடங்கியது. இப்போது சிபாப் குழாயோடே கட்டுகிறார்கள். ப்ராங் மாட்டிய ஒரு கிலோ குழந்தை தாயின் மார்பில் கிடக்க, பக்கத்தில் பாட்டில் குமிழியிட, மானிட்டரில் எண்கள் மெல்ல ஏறுவதைப் பார்த்த தாய்மார்கள் அதற்குப் பிறகு சிஸ்டரிடம் பலூன் கதை கேட்பதில்லை. முதல் பால் குழாய் வழியாகப் போகும். பிறகு பாலாடை. நாடு முழுக்க மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதைப் பாலாடை என்றேதான் எழுதுகிறார்கள். சிஸ்டருக்கு அதில் தனிப் பெருமை.

மிச்சமிருப்பது கண். ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து. 1940, 50களில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றப்பட்ட குறைமாதக் குழந்தைகளில் உலகெங்கும் சுமார் பத்தாயிரம் பேர் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். அதனால்தான் ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவு மானிட்டரில் 90க்கும் 95க்கும் நடுவே நிற்கும்படி பார்க்கிறார்கள். 100 என்று காட்டினால் பெற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள், சிஸ்டர் ஓடிப்போய் ஆக்சிஜனைக் குறைப்பார். இவ்வளவு பார்த்தும் சில குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் போட்டு நிறுத்திவிடலாம். விட்டுவிட்டால் திரும்பாது.

எனவே டிஸ்சார்ஜ் அன்று சீட்டின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு தேதியை எழுதி, வட்டம் போட்டு, தாயை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வது அவர் வழக்கம். கோயில் நேர்ச்சை இருக்கும், வண்டி வராது, பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் போக வேண்டும். உங்கள் வீட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ ஒரு குழந்தை பிறந்திருந்தால், அது பிறந்து 30 நாள் முடிவதற்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகியிருக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பு பிறந்ததென்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. சீட்டை எடுத்து ஒருமுறை தேதியைப் பார்த்துவிடுங்கள்.